பழைய நாணயம்: புள்ளியைப் படிக்கத் தெரிந்தால் பணத்தைக் காக்கலாம்

வைஷ்ணவ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய் நாணயம் இருந்தால் பத்து லட்சம் தருகிறோம் என்ற விளம்பரம் பலருடைய செல்பேசிக்கும் வந்திருக்கும். நம்பி அழைத்தால் முதலில் பதிவுக் கட்டணம், அடுத்து ஜிஎஸ்டி, பிறகு கூரியர் செலவு என்று கேட்பார்கள். கடைசியில் நாணயம் நம் கையிலேயே இருக்கும், பணம்தான் போயிருக்கும். தன் பெயரைச் சொல்லிக் கட்டணமும் கமிஷனும் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. பழைய நாணயங்களை வாங்கி விற்கும் வேலையில் அந்த வங்கி இல்லை.

ஒரே ஆண்டு பொறித்த இரண்டு நாணயங்கள் ஒரு சிறு வடிவ வேறுபாட்டால் வேறு வேறு விலைக்குப் போவது உண்மைதான். மோசடிக்காரர்கள் பிடித்துக்கொள்வது இந்த உண்மையைத்தான். வேறுபாட்டை நாமே படிக்கக் கற்றுக்கொண்டால் அவர்கள் பேச்சு எடுபடாது.

எங்கே பார்க்க வேண்டும்?

1840 என்று பொறித்த விக்டோரியா ரூபாயில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் 'விக்டோரியா குயின்' என்ற எழுத்துகள் தலைக்கு மேலே தொடர்ச்சியாக ஓடும். மற்றதில் அவை தலைக்கு இரு பக்கமும் பிரிந்து நிற்கும். பின்பக்க மாலையில் உள்ள பழங்களின் எண்ணிக்கையும் நாணயத்துக்கு நாணயம் மாறும்.

1862 ஆண்டிட்ட ரூபாயைப் பல ஆண்டுகள் அதே ஆண்டைப் போட்டே அடித்தார்கள். பம்பாய் நாணயச்சாலை அடித்தவற்றில், பின்பக்கத்தில் உள்ள புள்ளிகள்தான் உண்மையில் அடித்த காலத்தைக் காட்டுகின்றன.

1911-இல் வெளிவந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில், அரசரின் அங்கியில் உள்ள யானைக்குத் துதிக்கை குட்டையாக இருந்தது. பார்ப்பவர்களுக்கு அது பன்றிபோலத் தெரிந்ததால் எதிர்ப்பு எழுந்தது. 1912 முதல் துதிக்கையைத் திருத்தினார்கள். எனவே 1911 என்று போட்ட ரூபாயில் யானையின் துதிக்கை நீளமாக இருந்தால், ஆண்டைத் திருத்தியிருக்கிறார்களோ என்று சந்தேகப்பட வேண்டும்.

இன்றைய நாணயங்களில் ஆண்டுக்குக் கீழே பாருங்கள். வைரக் குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், வட்டப் புள்ளி இருந்தால் நொய்டா. எந்தக் குறியும் இல்லாதது கொல்கத்தா. ஆகவே குறி இல்லாததாலேயே ஒரு நாணயம் அரியது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வகையா, சேதமா?

வடிவ வேறுபாடு அச்சிலேயே இருப்பது. அந்த அச்சில் அடித்த எல்லா நாணயங்களிலும் அது ஒரே இடத்தில், ஒரே மாதிரி இருக்கும். கீறல், நசுங்கல், சுரண்டியது, ஒட்டவைத்தது எல்லாம் அந்த ஒரு நாணயத்துக்கு மட்டுமே நேர்ந்தவை. "பிழை நாணயம்" என்று பெரிய விலை சொன்னால், அதே பிழையுள்ள வேறு நாணயத்தின் படத்தை நாணயப் பட்டியல் நூலில் காட்டச் சொல்லுங்கள்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்து, சாய்வாக விழும் வெளிச்சத்தில் பாருங்கள். ஆண்டின் கடைசி இலக்கத்தைச் சுற்றி உலோகம் சுரண்டப்பட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். 1938 ரூபாயை, கிடைப்பதற்கு அரிதான 1939 ஆக மாற்றிய போலிகள் உண்டு. விக்டோரியா, ஐந்தாம் ஜார்ஜ் காலத்து வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம். தேய்மானத்தால் கொஞ்சம் குறையலாம். அதிகம் குறைந்தால் சந்தேகப்பட வேண்டும். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது.

புளியோ சாம்பலோ போட்டுத் தேய்க்காதீர்கள். நுண்ணிய புள்ளியும் எழுத்தும் மழுங்கிவிடும். நாணயத்தின் மதிப்பும் குறையும்.

சட்டம் சொல்வது

1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டு கடந்த நாணயம் தொல்பொருள். வெளிநாட்டில் நல்ல விலை கிடைக்கிறதென்று அதைத் தனியார் ஒருவர் தபாலில் அனுப்பினாலும் குற்றம். சிறை செல்ல நேரிடும். 1862, 1911 ரூபாய்கள் இதில் அடங்கும். வீடு கட்டத் தோண்டும்போது மண்ணுக்குள் நாணயக் குவியல் கிடைத்தால் அதைப் பங்கு போடக்கூடாது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஏமாந்துவிட்டால்

பணம் அனுப்பிய உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, அந்தப் பணம் கைமாறும் முன் வங்கியில் முடக்க அவ்வளவு வாய்ப்பு. உங்கள் வங்கிக்கும் தெரிவித்து, சைபர் குற்ற இணையதளத்தில் புகாரைப் பதிவு செய்யுங்கள். குறுஞ்செய்தி, உரையாடல், பணம் அனுப்பிய ரசீது எதையும் அழிக்க வேண்டாம்.

கடையிலோ இணையத்திலோ போலி நாணயம் வாங்கிவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடரலாம். அதற்கு ஆதாரம் ரசீதுதான். நாணயத்தின் ஆண்டு, நாணயச்சாலை, வகை, எடை நான்கையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

விற்கும்போது மறக்கக் கூடாதது ஒன்றே ஒன்று: வாங்குபவர்தான் பணம் தர வேண்டும். விற்பவரிடம் முன்பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் இதை இன்றே சொல்லி வையுங்கள்.