நிழலை அழிக்கலாம்... முகத்தை அழிக்கலாமா?

2008-ல் என் மாமியார் காலமானபோது, பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் தேடினோம். அவர் தனியாக நிற்கும் போட்டோ வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. 1996-ல் என் மகனுக்குக் காது குத்தியபோது உறவுக்காரப் பையன் பிளாஷ் போட்டு எடுத்தது. வெள்ளையடித்த சுவரை ஒட்டி அத்தை நிற்க, பக்கத்திலேயே கன்னங்கரேலென்று ஒரு நிழல். "அப்பத்தா பின்னாடி ஆரோ நிக்கறாங்க" என்று குழந்தைகள் பயப்படுவார்கள்.

ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து, "இந்த நிழலை மட்டும் எடுத்துக் குடுங்க தம்பி" என்றேன். மறுநாள் வந்த படத்தில் நிழல் இல்லைதான். கூடவே நெற்றிச் சுருக்கம் இல்லை, மோவாய்க்குக் கீழ் இருந்த நிழல் இல்லை, மூக்குத்திகூட மங்கிப் போயிருந்தது. சுவருக்குப் பதில் நீல வானம்! என் கணவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது ஆரு? எங்கம்மா இல்லை" என்று சொல்லி உள்ளே போய்விட்டார். வேறு வழியின்றி அதற்கே மாலை போட்டோம். அதன்பின் அவர் அந்தப் படத்தை நிமிர்ந்து பார்த்ததே இல்லை.

கறுப்பு வெள்ளைக் காலத்தில் ஸ்டூடியோக்காரர்கள் நெகடிவ் மேல் கூரான பென்சிலால் தடவித்தான் முகத்து நிழலை வெளுக்க வைப்பார்கள். கம்ப்யூட்டர் வந்தபின் வேலை சுலபமாகிவிட்டது. சுலபமானதால் எங்கே நிறுத்துவது என்பதும் மறந்துவிட்டது.

சென்ற ஆண்டு கல்லூரி விடுமுறைக்கு வந்த என் தங்கை மகள், "பெரியம்மா, அசல் போட்டோ இருக்குதில்ல, நாமளே செய்யலாம்" என்றாள். போட்டோஷாப் 1990-ல் வந்தது, அதற்குப் பணம் கட்டவேண்டும். 1996-ல் வெளியான கிம்ப் என்ற மென்பொருள் முழுக்க இலவசம்.

4-க்கு 6 அங்குல போட்டோவை 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்தோம். அப்போதுதான் 8-க்கு 12 அங்குலப் பிரிண்ட் போடும் அளவுக்குப் புள்ளிகள் கிடைக்கும். முதலில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு, அசலைத் தொடவேயில்லை. பிறகு நிழல் விழுந்த சுவரை மட்டும் லாஸோ என்ற கருவியால் சுற்றி வளைத்தோம். அந்தக் கோட்டைத் தாண்டி பிரஷ் போகாது, முகத்துக்கு ஆபத்தில்லை.

அடுத்தது குளோன் கருவி. கன்ட்ரோல் கீயை அழுத்தியபடி நிழல் இல்லாத சுவரில் ஒரு கிளிக் செய்துவிட்டு, நிழல் மேல் தடவினால் அந்தச் சுவரே இங்கே வந்து உட்கார்ந்துகொள்கிறது. கிழிந்த புடவைக்கு அதே புடவையின் ஓரத்திலிருந்து துணி எடுத்து ஒட்டுப் போடுவோமே, அது மாதிரிதான். பிளாஷ் வெளிச்சம் சுவர் முழுக்க ஒரே சீராக இருக்காது. அதனால் பக்கத்து இடத்திலிருந்தே, அடிக்கடி மாற்றி மாற்றி எடுக்கவேண்டும். ஒட்டுத் தெரியும் இடங்களை ஹீல் கருவியால் லேசாகத் தடவினால் போதும். அதைத் தலைமுடி ஓரத்துக்கு மட்டும் கொண்டு போகக்கூடாது, கறை மாதிரி இழுத்துவிடும்.

எல்லாம் முடித்துப் பார்த்தால் ஒரு சங்கடம். அத்தைக்குப் பஞ்சாக நரைத்த தலை, சுவரும் வெள்ளை. நிழல் போனதும் கொண்டை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை! இத்தனை வருஷம் நாங்கள் திட்டிய நிழல்தான் அவர் தலையை எடுத்துக் காட்டியிருக்கிறது. மறுபடி ஆரம்பித்து, கொண்டையை ஒட்டி மெல்லிசாக ஒரு நிழலை விட்டுவைத்தோம். முகத்தில் கையே வைக்கவில்லை.

டி.பி. ரோட்டில் பிரிண்ட் போட்டு, பிரேம் மாட்டிக் கொண்டுவந்தேன். என் கணவர் ஒன்றும் பேசவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி, பழைய படத்தை அவரே இறக்கினார். அந்த அமாவாசைக்கு மாலையும் அவரே வாங்கி வந்தார்.

சகோதரிகளே, ஸ்டூடியோவில் கொடுத்தாலும், வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தாலும், "சுவர் நிழலை மட்டும் எடு, முகத்தைத் தொடாதே" என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, நிழல் விழாமல் எடுப்பது. ஆளைச் சுவரிலிருந்து நாலைந்து அடி தள்ளி நிற்க வையுங்கள். காமிராவை நிமிர்த்திப் பிடித்தால் பிளாஷ் ஒரு பக்கமாகப் போய், நிழலும் பக்கவாட்டில் விழும். செல்போன் என்றால் பிளாஷை அணைத்துவிட்டு, பகலில் ஜன்னலோரமோ வாசல் திண்ணையிலோ உட்கார வைத்து எடுங்கள்.

வீட்டுப் பெரியவர்கள் "எனக்கெதுக்கு கண்ணு போட்டோ" என்றுதான் சொல்வார்கள். விடாதீர்கள். அவர்கள் இருக்கும்போதே, இருக்கிறபடியே ஒரு படம் எடுத்து வையுங்கள்.

— ஒரு வாசகி, ஆர்.எஸ்.புரம், கோவை.