அலுமாரியிற் பூஞ்சண நாற்றம்

குடாநாட்டின் ஆண்டு மழையிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களுள் பெய்து முடிகின்றது. மாரி கழிந்த பின்னர் பூட்டிக் கிடந்த மர அலுமாரியைத் திறந்தால், புழுங்கிய நாற்றமொன்று முதலில் எழும். பலர் அதற்குக் கற்பூரமும் நப்தலீன் உருண்டையும் இட்டு அமைவர். இவை ஒரு மணத்தை மற்றொன்றால் மறைப்பனவேயன்றி, நாற்றத்தின் வேரை அறுப்பன அல்ல.

அந்த வேர் ஈரமே. பூஞ்சண வித்துக்கள் காற்றில் எப்பொழுதும் உள்ளன. காற்றோட்டமற்ற இடத்தில் ஈரப்பதன் நூற்றுக்கு எழுபதைக் கடந்து நீடிக்குமாயின், அவை தூசியிலும் பசையிலும் துணியிற் படிந்த வியர்வையிலும் முளைத்து வளர்கின்றன. அவை வெளிவிடும் ஆவியே நாற்றமாகின்றது. மழையில் ஊறிய சுவரோடு ஒட்டிநிற்கும் அலுமாரியின் பின்பலகையே பெரும்பாலும் முதலிற் பழுதடைகின்றது.

ஆதலின், முதலில் அலுமாரியை முற்றாக வெறுமையாக்குதல் வேண்டும். பூஞ்சணத்தை உலர்ந்த துடைப்பத்தால் தட்டினால் வித்துக்கள் வீடெங்கும் பரவும். மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, வினாகிரியில் நனைத்துப் பிழிந்த துணியால் உட்பலகைகளைத் துடைப்பது நன்று. மெருகிட்ட மரமாயின் மறைவான ஒரு மூலையில் முன்னர்ச் சோதித்தல் தகும். பின்னர்க் கதவுகளைத் திறந்து, இழுப்பறைகளை வெளியே எடுத்து, காற்றோட்டமான நிழலில் இரண்டு மூன்று நாட்கள் உலரவிடுதல் வேண்டும். கடும் வெயில் பலகையை வளைத்துவிடும். எஞ்சிய மணத்தை ஈர்ப்பதற்குச் சிரட்டைக்கரியை ஒரு கிண்ணத்தில் வைத்து, இடையிடையே மாற்றுதல் போதும்.

அலுமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் விலக்கி, கால்களின்கீழ்க் கட்டைகளை வைத்தால் ஈரம் மீண்டும் ஏறுவது குறையும். அரைகுறையாக உலர்ந்த துணியை உள்ளே அடுக்குதல் ஆகாது.

இத்துணை கவனம் மரத்தின்பொருட்டு மட்டுமன்று. காணி உறுதிகளும் சாதக ஏடுகளும் முன்னோர் வாங்கிய நூல்களும் அவ்வலுமாரிகளிலேயே உள்ளன. கலித்தொகையை 1887 ஆம் ஆண்டில் அச்சேற்றிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர், பல இடங்களிலும் சிதைந்து கிடந்த ஏடுகளைத் தேடியே பழந்தமிழ் நூல்களை மீட்டனர். 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. அதன்பின், ஒரு வீட்டின் அலுமாரியிற் கிடக்கும் பிரதியே ஒரு நூலின் எஞ்சிய பிரதியாகவும் இருத்தல் கூடும்.

ஏட்டையும் பழைய தாளையும் வெயிலில் இடலாகாது, வினாகிரியும் தீண்டலாகாது. நிழலில் உலர்த்தி, மென்மையான தூரிகையால் தூசியகற்றினால் போதும். ஒட்டிய ஏடுகளைப் பலவந்தமாகப் பிரியாமல் அத்துறை அறிந்தாரிடம் காட்டுதல் நன்று. அலுமாரியில் எழும் நாற்றம் வெறும் அருவருப்பன்று. உள்ளிருக்கும் எழுத்து அழியத் தொடங்கிற்று என்னும் முன்னறிவிப்பு ஆகும்.