கையில் போன் இருக்கு, நூலகம் எதுக்கு?



"எதைக் கேட்டாலும் போனே சொல்லுது, லைப்ரரிக்கு ஏன் போகணும்?" என்று குழுக் கூட்டங்களில் பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

போன் நூறு பதில் தரும். அதில் எது அரசு இணையதளம், எது விளம்பரம், எது ஏமாற்று வேலை என்று பிரித்துப் பார்க்க நமக்குத் துணை வேண்டும். உதாரணத்துக்கு, மகள் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். அதற்குத் தேவையான பள்ளிப் பாடநூல்கள் அரசு இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தெரியாதவர்கள் அதையே காசு கொடுத்து வாங்குகிறார்கள். சரியான பக்கத்தை எடுத்துக் காட்டுவதும் இன்றைக்கு நூலகரின் வேலைதான்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் சொன்னார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கேற்ற நூல் கிடைக்கணும், வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பவை அதில் இரண்டு. கம்ப்யூட்டர் வந்த பிறகும் இவை மாறவில்லை. அதே 1931-ல் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி, ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். வர முடியாதவரைத் தேடிப்போவதுதான் சேவை.

அப்படியானால் நம் பெண்கள் ஏன் நூலகம் போவதில்லை? "ஆம்பளைங்க பேப்பர் படிக்கிற இடம்" என்ற கூச்சம் ஒரு காரணம். வேலை முடிந்து நாம் வரும் நேரத்தில் பூட்டிக் கிடக்கும். கழிப்பறை இருக்காது. நாம் சொல்லாவிட்டால் இது யாருக்கும் தெரியாது.

ஒன்றை மறக்காதீங்க. 1948-ம் ஆண்டு நூலகச் சட்டப்படி, வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். இப்போது அது வரியில் ரூபாய்க்கு 10 காசு. ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலகம் நம்ம பணத்தில் நடப்பது!

இந்த மாதம் குழுவில் செய்ய வேண்டியவை:

1. குழுவாக ஒருமுறை நூலகம் போய் வாருங்கள். உள்ளே உட்கார்ந்து படிக்கக் கட்டணம் இல்லை. வீட்டுக்கு எடுத்துவர, சிறு டெபாசிட்டும் சந்தாவும் கட்டி உறுப்பினராகலாம்.

2. கம்ப்யூட்டர், இன்டர்நெட் வசதி உண்டா என்று நூலகரிடம் கேளுங்கள். தேவையான விவரத்தைத் தேடித் தரச் சொல்லுங்கள்.

3. 2006-ல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கிராம ஊராட்சிகளுக்கு நூலகம் கட்டினார்கள். உங்கள் ஊரில் அது பூட்டிக் கிடந்தால் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கிராம சபையில் மனுவாகக் கொடுங்கள். மாலையில் திறக்கணும், கழிப்பறை வேணும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஒருத்தி கேட்டால் கோரிக்கை. பத்துக் குழு சேர்ந்து கேட்டால், கதவு திறக்கும்.