மேப் பெரிதானால் ஆட்டம் பெரிதாகுமா?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பார்ப்போம். பலர் சேர்ந்து ஆடும் சர்வைவல் கேம்களில் "மேப் எவ்வளவு பெரிசு?" என்றுதான் முதலில் கேட்கிறோம். கூடவே கேட்க வேண்டியது: அதில் எத்தனை பேர்?

பப்ஜி கேமின் எராங்கல் மேப் 8 கி.மீ.க்கு 8 கி.மீ.; சான்ஹோக் மேப் 4-க்கு 4. இரண்டிலும் இறங்குவது சுமார் 100 பேர். பக்கம் பாதியானால் பரப்பு கால்வாசியாகிவிடும். கடலையும் சேர்த்தால் எராங்கலில் ஆளுக்கு 0.64 சதுர கி.மீ., சான்ஹோக்கில் 0.16. அதனால்தான் சான்ஹோக்கில் இறங்கிய சூட்டோடு துப்பாக்கி வெடிக்கிறது. சரி, ஆட்கள் சாகச் சாக மேப் காலியாகிவிடாதா? அதற்குத்தான் எல்லோரும் உள்ளே இருக்க வேண்டிய அந்த வட்டம். நேரம் ஆக ஆக ஆடும் இடத்தையும் சுருக்கிவிடுகிறது.

டேஸீ என்ற கேமில் இப்படி வட்டம் கிடையாது. செர்னாரஸ் மேப் சுமார் 225 சதுர கி.மீ.; சர்வரில் 60 பேர் என்று வைத்தால் ஆளுக்கு 3.75. நெடுநேரம் மனித முகமே காணாமல் நடக்கலாம். அலுப்புதானே என்பீர்கள். ஆனால் செத்தால் மறுபடி கடற்கரையில் வெறுங்கையோடு தொடங்க வேண்டும். நடந்த தூரமெல்லாம் பணயம். எங்கோ ஒரு வெடிச்சத்தம் கேட்டாலே வயிற்றைக் கலக்குவது அதனால்தான்.

சராசரியை அப்படியே நம்பிவிடவும் கூடாது. ஊர் எவ்வளவு பெரிதானாலும் திருவிழாவன்று கூட்டம் தேரடியில்தான். டேஸீயில் நல்ல துப்பாக்கிகள் ராணுவ முகாம்களிலும் கடற்கரையைவிட்டு உள்ளே தள்ளியிருக்கும் விமானதளத்திலும் கிடைப்பதால் எல்லோர் காலும் அந்தப் பக்கமே இழுக்கும். காடு காலியாகக் கிடக்க, அங்கே மட்டும் ரத்தக்களரி.

ரஸ்ட் என்ற கேமில் மேப்பின் அளவைச் சர்வர் நடத்துபவரே முடிவு செய்யலாம். 3000 என்று கொடுத்தால் பக்கத்துக்கு 3 கி.மீ. சின்னதாக வைத்தால் பேஸ் (சொந்தக் கோட்டை) கட்ட இடமும் வெடிமருந்துக்கான கந்தகப் பாறையும் போதாமல் ஓயாத சண்டை. பெரிதாக வைத்தால் நிம்மதியாகக் கட்டலாம். கொள்ளையடிக்கத்தான் பக்கத்தில் ஆள் இருக்காது. மாலையில் நிரம்பி வழியும் சர்வர் விடிகாலையில் வெறிச்சோடும். மேப்போ அடுத்த வைப் (எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்குவது) வரை அதே அளவுதான்.

ஆகவே சர்வர் தேடும்போது, நீங்கள் ஆடும் நேரத்தில் அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்த்து, பரப்பை அதால் வகுத்துப் பாருங்கள். சண்டைப் பிரியருக்குச் சின்ன விடை நல்லது. கட்டிக் காப்பவருக்குப் பெரியது.