யார் முதலில் அடித்தது? 1941 குறித்து ஒரு விவாதம்

"ஹிட்லர் அடிக்கலேன்னா ஸ்டாலினே அடிச்சிருப்பார், தெரியுமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். இடதுசாரிகளை மடக்கிவிட்ட திருப்தி அவர் குரலில். பக்கத்திலிருந்த தோழரோ "எல்லாம் ஏகாதிபத்தியப் பொய்" என்று எழுந்து போய்விட்டார். இருவரோடும் எனக்கு உடன்பாடில்லை.

இவ்வாதத்தைப் பிரபலமாக்கியவர் விக்டர் சுவோரவ். 1978இல் பிரிட்டனுக்குத் தப்பிச்சென்ற சோவியத் ராணுவ உளவு அதிகாரி விளாதிமிர் ரெசூனின் புனைபெயர் அது. 1941 ஜூலை 6இல் ஜெர்மனியைத் தாக்க ஸ்டாலின் திட்டமிட்டிருந்தார், ஹிட்லர் இரண்டு வாரம் முந்திக்கொண்டார் என்பது அவருடைய 'ஐஸ்பிரேக்கர்' நூலின் சாரம். எல்லையில் குவிந்த படைகள், கைவிடப்பட்ட பழைய அரண்வரிசை, சங்கிலியைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தில் ஓடும் பி.டி. டாங்கிகள் என்று சான்றுகளை அடுக்குகிறார். ஜெர்மன் நெடுஞ்சாலைகளுக்கென்றே அந்த டாங்கிகள் செய்யப்பட்டனவாம். ஆனால் அவற்றின் மூலவடிவம் கிறிஸ்டி என்ற அமெரிக்கரிடம் வாங்கியது. சோவியத்தில் உற்பத்தி 1931-32இலேயே தொடங்கிவிட்டது. ஹிட்லர் பதவிக்கு வந்ததோ 1933 ஜனவரியில்!

அதற்காக எல்லாமே கட்டுக்கதை என்று தள்ளிவிட முடியாது. 1941 மே 5இல் ராணுவக் கல்லூரிப் பட்டதாரிகளிடம் பேசிய ஸ்டாலின், தற்காப்பிலிருந்து தாக்குதலுக்கு மாறவேண்டியதை வலியுறுத்தினார். மே 15 தேதியிட்ட வரைவு ஒன்று இன்னும் வெளிப்படையானது. ஜெர்மன் படைகள் அணிவகுத்து முடிக்குமுன் நாமே தாக்கிவிடலாம் என்று திமோஷென்கோ, ஷுகோவ் பெயரில் வசிலெவ்ஸ்கி கைப்பட எழுதியது அது. ஆனால் அதில் ஸ்டாலினின் கையொப்பம் இல்லை. ஜெர்மன் குவிப்பைப் பார்த்துப் பயந்து எழுதிய பிரதி அது என்பதும் கவனத்துக்குரியது.

மறுபக்கம் என்ன நடந்தது? போர் வருமென்பது வதந்தி என்று ஜூன் 14இல் டாஸ் அறிக்கை விட்டது. ஜெர்மனிக்குத் தானிய ரயில்கள் கடைசி இரவுவரை போய்க்கொண்டிருந்தன. படைகளுக்கு அன்றிரவு போன உத்தரவுகூட, ஆத்திரமூட்டலுக்கு இடங்கொடாதீர்கள் என்றே சொன்னது. 1937-38 களையெடுப்பு செம்படையின் தளபதிகளைத் தின்று தீர்த்திருந்தது. அந்தப் படை பெரும்போருக்குத் தயாராக இல்லை என்பதை டேவிட் கிளான்ட்ஸ் 1998இல் விரிவாகக் காட்டினார்.

இங்கே மூன்று கேள்விகள் ஒன்றாய்க் குழப்பப்படுகின்றன. செம்படையின் கோட்பாடு தாக்குதல் சார்ந்ததா? ஆமாம். 1941 கோடையில் தாக்க ஸ்டாலின் முடிவெடுத்தாரா? அதற்கு ஆதாரமில்லை. அதனால்தான் ஹிட்லர் பாய்ந்தாரா? நிச்சயமாக இல்லை. இரண்டாவதற்கு நாளையே ஆதாரம் கிடைத்தாலும் மூன்றாவதற்கான பதில் மாறாது. சோவியத்தை அழிக்கும் முடிவை ஹிட்லர் தளபதிகளிடம் அறிவித்தது 1940 ஜூலை 31இல். பார்பரோசா ஆணையில் கையெழுத்திட்டது டிசம்பர் 18இல். அந்த மே வரைவுக்கு மாதக்கணக்கில் முந்தியவை இவை.

முன்தடுப்புத் தாக்குதல் என்ற கதையாடலை சுவோரவ் கண்டுபிடிக்கவில்லை. படையெடுத்த அன்றே ஹிட்லர் சொன்னது அது. நியூரம்பர்க்கில் குற்றவாளிகள் தரப்பும் அதையே சொன்னது, நீதிமன்றம் ஏற்கவில்லை. பிடிபடும் கமிசார்களைச் சுட்டுக்கொல்லும் ஆணை ஜூன் 6இலேயே தயார். சோவியத் தானியத்தை எடுத்துக்கொண்டால் கோடிக்கணக்கானோர் பட்டினியால் சாவார்கள் என்பதை அதிகாரிகள் மே மாதமே கணக்குப் போட்டிருந்தார்கள். இதற்குப் பேர் தற்காப்பா?

என் நண்பருக்குச் சொல்வது இதுதான்: ஜெர்மன் சிறையில் செத்த 30 லட்சத்துக்கும் மேற்பட்ட சோவியத் கைதிகளின் பழி உங்கள் வாதத்தில் கொலைகாரனை விட்டுவிடுகிறது. எழுந்துபோன தோழருக்கும் ஒன்று: 1939 ரகசிய ஒப்பந்தத்தை சோவியத் அரசே 1989இல் ஒப்புக்கொண்டுவிட்டது. ஸ்டாலின் போலந்தைப் பங்கு போட்டார், எச்சரிக்கைகளை உதறினார், தன் தளபதிகளைக் கொன்றார். இதையெல்லாம் சொல்ல நாம் பயப்படுவதால்தான் சுவோரவ்களின் கடையில் கூட்டம் கூடுகிறது.