பள்ளிக்கு ஒரு கேமரா வாங்கினோம்

ஆண்டு விழா முடிந்த மறுவாரம் ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா பள்ளி வாசலில் வந்து நின்றார். செங்கல் சூளையில் வேலை பார்ப்பவர். "சார், பாப்பா கரகம் ஆடுனப்ப படம் எடுத்தீங்கல்ல, அதுல ஒண்ணு கழுவிக் குடுங்க சார். எவ்வளவு ஆகுதோ தந்துடறேன்" என்றார். கணினியைத் திறந்து அவரிடமே காட்டினேன். பதினோரு படங்கள் இருந்தன. பச்சைப் பாவாடை தெரிந்தது, தலையில் கரகம் தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மாவைக் குழைத்துத் தடவியது போல ஒரு வெளிர் திட்டு. பதினொன்றிலும் அப்படித்தான். "பரவால்ல சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாதமே சூளை வேலை முடிந்து குடும்பம் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டது. பிள்ளையும் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்தப் படங்களை எடுத்த கேமராவை வாங்கியவன் நான். ஆசிரியர்கள் மூவரும் முன்னாள் மாணவர் ஒருவரும் சேர்ந்து கொடுத்த 4,500 ரூபாயில் இணையத்தில் ஆர்டர் செய்தேன். பெட்டியின் மேல் "64 மெகாபிக்சல், 16 மடங்கு ஜூம்" என்று பெரிய எழுத்தில் இருந்தது. ஆண்டுதோறும் எட்டாம் வகுப்புக்கு ஒளி பற்றிய பாடம் நடத்துகிற அறிவியல் ஆசிரியர் நான். குவிலென்சு படத்தைக் கரும்பலகையில் வரையக் கை கூசவில்லை. பெட்டியில் போட்டிருந்ததை அப்படியே நம்பவும் கூசவில்லை. நான் செய்த தவறு உங்கள் பள்ளியில் நடக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஜூமை எடுத்துக்கொள்வோம். ஆப்டிகல் ஜூம் என்பது லென்சுக் கூட்டம் முன்னும் பின்னும் நகர்ந்து குவியத் தொலைவை மாற்றுவது. தூரத்துப் பொருளின் பிம்பமே பெரிதாக விழும். டிஜிட்டல் ஜூமில் லென்சு அசைவதே இல்லை. விழுந்த பிம்பத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கிக் காட்டுகிறது. செய்தித்தாள் படத்தைக் கத்தரித்துச் சுவரொட்டி அளவுக்கு இழுத்தால் எப்படியோ அப்படி. 16 மடங்கு டிஜிட்டல் ஜூம் என்றால் நீளத்தில் பதினாறில் ஒன்று, அகலத்தில் பதினாறில் ஒன்று. ஆக, மொத்தப் புள்ளிகளில் 256-இல் ஒரு பங்குதான் மிஞ்சும். கேமராவின் உண்மையான திறன் 13 மெகாபிக்சல் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், மிஞ்சுவது ஏறத்தாழ 51 ஆயிரம் புள்ளிகள். 1975-இல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய முதல் டிஜிட்டல் கேமராவின் படத்தில் பத்தாயிரம் புள்ளிகள் இருந்தன. அதைக் கேசட்டில் பதிய 23 விநாடி ஆனது. அரை நூற்றாண்டு கழித்து நான் அதைவிட ஐந்து மடங்கு முன்னேறியிருந்தேன், அவ்வளவுதான்.

அந்த 64 மெகாபிக்சலும் அதே கதைதான். இவ்வகைப் பெயர் தெரியாத கேமராக்கள் பலவற்றில், உணரியில் இல்லாத புள்ளிகளைப் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. கோப்பின் அளவு கூடும், விவரம் கூடாது. நாற்பது பேர் வகுப்பில் இருபது பேர் வந்திருக்க, வருகைப் பதிவேட்டில் நாற்பது என்று எழுதுவது போல.

ஏமாறாமல் இருக்க ஓர் எளிய வழி உண்டு. கேமராவின் லென்சைச் சுற்றி அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். இப்போது எங்கள் பள்ளியில் இருப்பது கேனான் இக்சஸ் 185. அதன் லென்சு 5.0 முதல் 40.0 மி.மீ. வரை. நாற்பதை ஐந்தால் வகுத்தால் எட்டு. அதுதான் உண்மையான ஆப்டிகல் ஜூம். சோனி சைபர்ஷாட் டபிள்யூ 830-இல் 4.5 முதல் 36 மி.மீ. வரை, அதுவும் எட்டு மடங்கு. ஒரே ஓர் எண் மட்டும் இருந்தாலோ, எண்ணே இல்லாமல் இருந்தாலோ, கேமராவை இயக்கியும் லென்சு வெளியே நீளாவிட்டாலோ, பெட்டியில் எத்தனை மடங்கு என்று போட்டிருந்தாலும் கொஞ்சம் தயங்குங்கள். சில நல்ல கேமராக்களில் லென்சு உள்ளுக்குள்ளேயே நகரும் என்பது உண்மைதான். ஆனால் அவற்றிலும் இரண்டு எண்கள் இருக்கும்.

அடுத்து, எத்தனை மெகாபிக்சல் வேண்டும்? தரமாக அச்சிட ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று கணக்கு. நாம் வழக்கமாகப் போடும் 6×4 அங்குலப் படத்துக்கு 1800×1200, அதாவது 21 லட்சத்து 60 ஆயிரம் புள்ளிகள். இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்று மேல். ஏ4 தாள் முழுக்க அச்சிட 87 லட்சம். ஆகவே பத்துப் பதினைந்து ஆண்டுப் பழைய 10 மெகாபிக்சல் கேமராவே பள்ளிக்குப் போதும். ஏழாம் வகுப்புக்கு இதையே கணக்காகக் கொடுத்தேன். பாடநூலில் உள்ள பெருக்கல் கணக்குகளைவிட ஆர்வமாகப் போட்டார்கள்.

எண்ணிக்கையைவிட உணரியின் பரப்பு முக்கியம். விலை குறைந்த நல்ல கேமராக்களில் பெரும்பாலும் 1/2.3 அங்குலம் என்று குறிக்கப்படும் உணரி இருக்கும். அந்தப் பெயரை நேரடி அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உண்மையில் அது சுமார் 6.2 மி.மீ. நீளம், 4.6 மி.மீ. அகலம், ஒரு குழந்தையின் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அதற்குள் இரண்டு கோடிப் புள்ளிகளை அடைத்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் ஒளி சொற்பம். வெயிலில் பிரச்சினை இல்லை. சன்னல் மூடிய வகுப்பறையில் படம் மணல் தூவியது போல வரும்.

"இதற்குக் கைப்பேசியே போதுமே சார்?" என்று எங்கள் தலைமையாசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. இருட்டில் எடுக்கும் படத்தில் இன்றைய நடுத்தர விலைக் கைப்பேசி இந்தச் சின்னக் கேமராவைத் தோற்கடித்துவிடும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் கைப்பேசியை ஆறாம் வகுப்பு மாணவன் கையில் கொடுக்க முடியாது. அதில் என் வங்கிச் செயலி இருக்கிறது, வாட்ஸ்அப் இருக்கிறது. அதைவிட, பிள்ளைகளின் படங்கள் ஏன் ஆசிரியரின் சொந்தக் கைப்பேசியில் ஆண்டுக்கணக்கில் கிடக்க வேண்டும்? கைப்பேசி தொலைந்தால், விற்றால், வேறு யாராவது எடுத்துப் பார்த்தால்? பள்ளிக் கேமராவின் அட்டை பள்ளி அலமாரியில் இருக்கும். படங்கள் பள்ளிக் கணினிக்குப் போகும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னதும் பெற்றோர் உடனே புரிந்துகொண்டார்கள். இரண்டாவது கேமராவுக்குப் பணம் கிடைத்ததே அந்த ஒரு காரணத்தால்தான். பெற்றோர் சம்மதமில்லாமல் எந்தப் பிள்ளையின் முகமும் வெளியே போகாது என்று அன்றே தீர்மானப் பதிவேட்டில் எழுதிக்கொண்டோம்.

இந்த முறை இணையத்தில் வாங்கவில்லை. மாவட்டத் தலைநகரில் கேமரா பழுது பார்க்கும் ஒரு சிறிய கடையில், பயன்படுத்திய கேமராவாகப் பார்த்து வாங்கினோம். சார்ஜரும் ஒரு பேட்டரியும் சேர்த்து 5,200 ரூபாய். கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் சோதித்தேன். பத்து முறை இயக்கி நிறுத்தினேன். லென்சு ஒவ்வொரு முறையும் கரகரப்பில்லாமல் நீண்டு உள்ளே போக வேண்டும். பழைய கேமராக்கள் முதலில் படுத்துக்கொள்வது அங்கேதான். வெள்ளைத் தாளைப் படமெடுத்தேன். கறுப்புப் புள்ளி தெரிந்தால் உள்ளே தூசியோ பூஞ்சையோ இருக்கலாம். சுவரில் செய்தித்தாளை ஒட்டி எடுத்தேன். நான்கு மூலை எழுத்துகளும் படிக்க முடிய வேண்டும். பேட்டரி அறையைத் திறந்து பச்சைப் பூப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோன சொந்த அட்டையில் எடுத்து, கடையின் கணினித் திரையிலேயே பெரிதாக்கிப் பார்த்தேன். கேமராவின் குட்டித் திரையில் எந்தப் படமும் அழகாகத்தான் தெரியும். முதல் கேமராவில் நான் ஏமாந்ததும் அந்தத் திரையைப் பார்த்துத்தான்.

அட்டை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. மிகப் பழைய கேமராக்கள் 2 ஜிபி வரையுள்ள சாதாரண எஸ்டி அட்டையை மட்டுமே ஏற்கும். எஸ்டிஎச்சி என்று போட்டிருந்தால் 32 ஜிபி வரை போடலாம். சோனி, ஒலிம்பஸ் போன்றவற்றின் பழைய மாதிரிகளில் வேறு வடிவ அட்டைகள் உண்டு. இனாமாகக் கொடுத்தாலும் அவற்றுக்கு அட்டை தேடி அலைய வேண்டும். பேட்டரியும் அப்படித்தான். அந்த மாதிரிக்கு இன்னும் பேட்டரி கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள். சில மாதிரிகள் பென்சில் பேட்டரியில் ஓடும். கிராமப் பள்ளிக்கு அது வசதி, ஆனால் கடிகாரத்துக்குப் போடும் சாதாரண பேட்டரி ஒரு வகுப்புக்குள் தீர்ந்துவிடும். மறுபடி சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் வகை பேட்டரி நான்கு வாங்கிக்கொள்வது நல்லது.

வாங்கிய பின் கற்றது ஒன்று. ஜூம் செய்யச் செய்ய லென்சுக்குள் வரும் ஒளி குறைகிறது. எங்கள் கேமராவில் லென்சுத் துளையின் எண் 3.2-இலிருந்து 6.9-க்குப் போகிறது. இவற்றின் வர்க்கங்களை ஒப்பிட்டால், முழு ஜூமில் வரும் ஒளி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. கேமரா அதை ஈடுகட்ட அதிக நேரம் திறந்திருக்கும். அதற்குள் கை நடுங்கும், பிள்ளையும் அசைந்துவிடுவாள். ஆகவே மேடை நிகழ்ச்சிக்கு ஜூமை நம்பாமல் முதல் வரிசைக்கே போய்விடுகிறேன். ஃப்ளாஷும் சுமார் மூன்று மீட்டர் வரைதான் உதவும். பந்தலின் கடைசியிலிருந்து ஃப்ளாஷ் அடித்தால் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களின் தலைமுடி பளிச்சென்று விழும். அசையாப் பொருளுக்கு இருக்கவே இருக்கின்றன நோட்டுப் புத்தகங்கள். அடுக்கி, மேலே கேமராவை வைத்து, இரண்டு விநாடி டைமரை அமுக்கிவிட்டால் முக்காலி தேவையில்லை.

ஜூம் உண்மையில் பயன்படுவது வெயிலில்தான். பள்ளிக்குப் பின்னால் ஏரி வாய்க்கால் இருக்கிறது. மின்கம்பியில் உட்கார்ந்திருந்த மீன்கொத்தியை எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எடுத்த படத்தில், அலகில் இருந்த குஞ்சு மீன்கூடத் தெரிந்தது. வாசிப்பில் பின்தங்கியவன் என்று நாங்கள் குறித்து வைத்திருந்த பையன் அவன். படத்துக்குக் கீழே என்ன எழுதலாம் என்று நான்கு வரிகளை அடித்து அடித்து எழுதினான். இலை நரம்பு, எறும்புப் புற்று, வாசற்கோலத்தின் சமச்சீர் எல்லாம் இப்போது அவர்கள் எடுத்து வருகிறார்கள். கேமராவுக்கென ஒரு பதிவேடு உண்டு; எடுப்பவர் பெயர், நேரம், திருப்பிக் கொடுத்த நேரம். கயிற்றை மணிக்கட்டில் மாட்டாமல் யாரும் வகுப்பறை தாண்டக் கூடாது, ஆசிரியர் உட்பட.

கோடை விடுமுறைக்கு முன் பேட்டரியைக் கழற்றி, பாதி சார்ஜில் தனியே வைத்துவிடுகிறோம். காற்றுப் புகாத டப்பாவில், புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டுக் கேமராவை வைக்கிறோம். அரிசியில் புதைத்து வைக்கச் சொல்வார்கள். செய்யாதீர்கள், அரிசி மாவு லென்சு இடுக்கில் புகுந்துவிடும்.

சென்ற ஆண்டு முதல் இன்னொரு வழக்கமும் சேர்ந்திருக்கிறது. சூளை வேலைக்கு வந்த குடும்பங்கள் நடு ஆண்டில் கிளம்பும்போது, மாற்றுச் சான்றிதழோடு அந்தப் பிள்ளையின் 6×4 படம் ஒன்றையும் உறையில் போட்டுக் கொடுக்கிறோம். இதுவரை ஒன்பது உறைகள் போயிருக்கின்றன.