தவளையைத் திறக்கும் முன்

தவளையை இப்போதும் அறுக்கிறார்களா என்ன? இந்தியக் கல்லூரிகளில் அநேகமாக இல்லை. விலங்கியல் வகுப்பில் விலங்குகளை அறுப்பதைப் படிப்படியாகக் குறைக்கும்படி பல்கலைக்கழக மானியக் குழு 2011-ல் சொன்னது; 2014-ல் நிறுத்தவே சொல்லிவிட்டது. அமெரிக்கப் பள்ளிகளில் பதப்படுத்திய தவளை இன்றும் மேசைக்கு வருகிறது. செயற்கைத் தவளையும் வந்துவிட்டது. 2019-ல் ஃப்ளோரிடாவில் ஓர் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அதைத்தான் அறுத்தார்கள். உங்கள் முன் இருப்பது பதப்படுத்திய தவளையோ, பொம்மையோ, கணினித் திரையோ, பார்க்க வேண்டிய வரிசை ஒன்றுதான்.

வயலில் ஒன்றைப் பிடித்து வந்து வீட்டிலேயே பார்க்கலாமா? வேண்டாம். கால் ஏற்றுமதிக்காக நம் வயல்களில் தவளைகளை மூட்டை மூட்டையாக அள்ளினார்கள். 1987-ல் அரசு தடை போட்ட பிறகுதான் அது அடங்கியது. பயிர்ப் பூச்சியைத் தின்னும் உயிர், அது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.

பதப்படுத்திய தவளைக்கு ஏன் அந்த வாடை? ஃபார்மலின் (உடல் அழுகாமல் காக்கும் ரசாயனக் கரைசல்) வாடை அது. கண்ணையும் மூக்கையும் எரிக்கும். தவளையைக் குழாய் நீரில் நன்றாகக் கழுவுங்கள். கையுறையும் கண்ணாடியும் போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். உங்களுக்கு ஆஸ்துமா இருந்தால் ஆசிரியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

உடனே கத்தரியை எடுக்கலாமா? கொஞ்சம் பொறுங்கள். வாயைத் திறந்து பாருங்கள். நாக்கு நம்முடையதைப் போல உள்ளே ஒட்டியிருக்காது. முன்பக்கம் தாடையோடு ஒட்டி, நுனி தொண்டையை நோக்கி மடங்கிக் கிடக்கும். பூச்சியைக் கண்டதும் அது வெளியே புரண்டு விழுவது அதனால்தான். மேல்தாடை ஓரத்தில் விரலை ஓட்டினால் சொரசொரவென்று பல் தட்டுப்படும். கீழ்த்தாடையில் பல் கிடையாது. கண்ணை மேலிருந்து மெல்ல அழுத்தினால் வாயின் கூரை உள்ளே புடைக்கும். இரையை விழுங்கும்போது தவளை கண்ணை மூடி உள்ளே இழுத்துக்கொள்கிறதே, அது இரையைத் தள்ளத்தான்.

இனி அறுப்பது எப்படி? மெழுகுத் தட்டில் தவளையை மல்லாக்கப் போட்டு, கை கால்களை விரித்துக் குண்டூசி குத்துங்கள். அடிவயிற்றுத் தோலைச் சாமணத்தால் தூக்கி, சின்னதாக ஒரு வெட்டு. அங்கிருந்து கத்தரியால் நேராகத் தாடை வரை போங்கள். தோல் தொளதொளச் சட்டை போலத் தனியே கழன்று வரும். அடியில் நிணநீர்ப் பைகள் (நிறமற்ற உடல்நீர் தேங்கும் இடைவெளிகள்) இருப்பதால் பல இடங்களில் அது தசையோடு ஒட்டியிருப்பதில்லை.

அடுத்து தசை. பலர் கெடுப்பது இங்கேதான். வயிற்றின் நடுக்கோட்டில் கறுப்பாக ஒரு ரத்தக் குழாய் ஓடும். அதன்மேல் வெட்டாமல் சற்றே பக்கவாட்டில் வெட்டுங்கள். கத்தரியின் கீழ் அலகு மேல்நோக்கியே இருக்கட்டும், உள்ளே இறங்கினால் குடலைக் கிழித்துவிடும். மார்பெலும்பை வெட்டும்போது இன்னும் நிதானம் தேவை, இதயம் அதற்கு நேர் கீழே இருக்கிறது.

திறந்ததும் ஒரே குழப்பமாக இருக்கிறதே? தவளை உங்களைப் பார்த்தபடி கிடப்பதால் அதன் இடது உங்கள் வலது. படத்தில் பெயர் எழுதும்போது மதிப்பெண் போவது பெரும்பாலும் இதனால்தான். கறுப்பும் வெள்ளையுமாக முட்டைகள் எல்லாவற்றையும் மூடியிருந்தால் அது பெண் தவளை. ஒரு பக்கத்து முட்டைக் கொத்தை எடுத்துவிட்டால் மற்றவை தெரியும். விரல் விரலாக மஞ்சளாக இருப்பதைப் புழு என்று நினைத்து அலறாதீர்கள், அது கொழுப்பு. உணவு கிடைக்காத நாட்களுக்கான சேமிப்பு.

பெரிதாகப் பழுப்பாக இருப்பது கல்லீரல். அதன் மடல்களைத் தூக்கினால் பச்சையாகப் பித்தப்பை. அது உடைந்தால் சுற்றிலும் பச்சைக் கறை படியும். கல்லீரலுக்கு அடியில் வளைந்த இரைப்பை. அதன் வளைவில் வெளிறிய மெல்லிய பட்டையாகக் கணையம் இருக்கும், கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். குடலைத் தாங்கும் சவ்வில் உருண்டையாகக் கருஞ்சிவப்பில் இருப்பது மண்ணீரல். குடலை ஒதுக்கினால் முதுகெலும்பை ஒட்டி இரண்டு சிறுநீரகங்கள். ஆண் தவளையில் அவற்றின் மேல் வெளிர் மஞ்சளில் விந்தகங்கள்.

நுரையீரலைக் காணோமே? பதப்படுத்தியதில் சுருங்கிப்போயிருக்கும். குரல்வளைத் துளையில் ரப்பர் குமிழ் வைத்த பிப்பெட்டால் காற்றை அழுத்துங்கள், இரு பக்கமும் உப்பும். வாயால் ஊதவே ஊதாதீர்கள். தவளைக்கு விலா எலும்பும் இல்லை, உதரவிதானமும் (மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) இல்லை. வாயின் தரையை ஏற்றி இறக்கித்தான் காற்றை உள்ளே தள்ளுகிறது.

இதயத்துக்கு மூன்றே அறைகள்: மேலே இரண்டு, கீழே ஒன்று. நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் கலந்துவிடாதா? ஓரளவு கலக்கும். ஆனால் ஈரத்தோல் வழியாகவும் ஆக்சிஜன் ரத்தத்துக்கு வந்துகொண்டே இருப்பதால் தவளைக்கு அது போதும். தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் அறைகளை எண்ணிவிட்டு நிறுத்தாமல் தோலையும் சேர்த்து எழுதுங்கள்.

முடிந்ததும் தவளையைக் குப்பைத் தொட்டியில் போடலாமா? கூடாது. நாயோ காக்கையோ இழுத்துத் தின்றால் ஃபார்மலின் அதன் வயிற்றுக்குள் போகும். ஆய்வகத்தில் அதற்கென்று வைத்திருக்கும் கழிவுப் பையில் போட்டுக் கட்டுங்கள். ஃபார்மலின் நீரைத் தொட்டியில் கொட்டாமல் அதற்கான கேனில் ஊற்றுங்கள். குண்டூசிகளை எண்ணி எடுங்கள். தட்டு மெழுகில் ஒன்று மறைந்திருந்தால் அடுத்த வகுப்பில் யாரோ ஒருவர் விரலில்தான் ஏறும்.